மாட்டுக்கு மருந்து, கலனுக்கு நோய்

கல்யாணுக்கு அப்பால் வசிக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஐந்து பசுக்களை வைத்துப் பால் வாணிபம் செய்து வருபவர் அவர். கொல்லையில் 2 கன மீட்டர் அளவுள்ள சாண எரிவாயுக் கலன் ஒன்றைக் கட்டி, மூன்று ஆண்டுகளாக அதன் வாயுவைக் கொண்டே எட்டுப் பேருக்குச் சமையல் நடத்துகிறார். அண்மையில் இரண்டு பசுக்களுக்கு மடிநோய் கண்டது. மருத்துவர் ஐந்து நாள் ஊசி போட்டார், பசுக்கள் தேறின. ஆனால் அடுத்த இரண்டு வாரங்களில் அடுப்பின் தழல் நாளுக்கு நாள் குன்றத் தொடங்கியது. கலன் கட்டிய கொத்தனாரோ, குவிமாடத்தில் வெடிப்பு விழுந்திருக்க வேண்டும், இடித்துத்தான் கட்ட வேண்டும் என்கிறாராம். "இடிப்பதா, பொறுப்பதா? மாட்டுக்குப் போட்ட ஊசிக்கும் எங்கள் அடுப்புக்கும் யாதேனும் தொடர்பு உண்டா?" என்று வினவியிருக்கிறார். மருந்துப் புட்டியின் சீட்டையும் மறவாமல் இணைத்திருக்கிறார். அதில் கண்ட மருந்து ஆக்ஸிடெட்ராசைக்ளின்.

வினா ஒருவருடையதாயினும் விடை பலருக்கும் வேண்டியது. நம் சங்கத்தின் மாணவர் விடுதிச் சமையற்கட்டுக்கு அருகிலுள்ள தபேலாவின் சாணத்தைக் கொண்டு எரிவாயுக் கலன் ஒன்று அமைக்கலாமா என்று செயற்குழு ஆலோசித்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். பொதுப் பணத்தைச் செலவிடுமுன் கலனுக்கு ஆகாதது எது என்று தெரிந்துகொள்வது நம் கடமையன்றோ? ஆகவே இத்திங்கள் இப்பொருளையே எடுத்துக்கொள்வோம்.

மாதுங்காவில் தொடங்கிய கதை

சாண வாயு நமக்குப் புதிதன்று. இந்தியாவில் கழிவிலிருந்து எரிவாயு எடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று, தமிழர் பெருவாரியாக வாழும் மாதுங்காவிலேயே நடந்தது. அங்கிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ஆம் ஆண்டு மனிதக் கழிவிலிருந்து வாயு எடுக்கப்பட்டது. பின்னர் 1930-களின் இறுதியில் டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் என்பார் மாட்டுச் சாணத்தை வைத்து ஆய்வு நடத்தினார். 1951-ல் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் இரும்புத் தொட்டியுடன் கூடிய கலனை வகுத்து, அதற்கு 'கிராமலக்ஷ்மி' எனப் பெயரிட்டார். 1960-களின் தொடக்கத்திலிருந்து கதர் கிராமத் தொழில் கமிஷன் அவ்வகைக் கலனை நாடெங்கும் பரப்பியது. 1984-ல் செங்கல் குவிமாடம் கொண்ட 'தீனபந்து' வந்தது. அன்பர் கட்டியிருப்பதும் அதுவே.

இவ்வளவு நெடிய அனுபவம் இருந்தும், மாட்டுக்குக் கொடுக்கும் மருந்து கலனை என்ன செய்யும் என்னும் கேள்வியைப் பல காலம் எவரும் எழுப்பவில்லை. காரணம் எளியது. அக்காலத்து மாடு மருந்தையே அதிகம் கண்டதில்லை.

கலனுக்குள் நிகழ்வது யாது?

சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் விட்டால், ஏறத்தாழ ஒரு கிலோ சாணத்திற்கு 40 லிட்டர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு மீதேன், எரிவது அதுதான். எஞ்சியதில் பெரும் பங்கு கரியமில வாயு. நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் என்றால் 2 கன மீட்டர் வாயு. ஓர் ஆளின் சமையலுக்கு நாளைக்குக் கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும் என்பது கணக்கு. ஐந்து பசுக்களின் சாணத்தில் எட்டுப் பேர் உண்பது இவ்வாறே.

இவ்வேலையைச் செய்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவை ஓரினம் அல்ல; நான்கு கூட்டத்தார். ரயில்வேயில் பணியாற்றும் எனக்கு இதைச் சரக்கு நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிதாக இருக்கிறது. முதற் கூட்டத்தார் வந்த மூட்டையைப் பிரிப்பவர்கள். சாணத்திலுள்ள நாரையும் மாவையும் கொழுப்பையும் நீரில் கரையும் சிறு பொருள்களாக உடைக்கிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் அவற்றைப் பலவகை அமிலங்களாக மாற்றுகிறார்கள். மூன்றாம் கூட்டத்தார் அவ்வமிலங்களை அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவையாக ஆக்குகிறார்கள். அசெட்டிக் அமிலம் என்பது காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலமே. நான்காம் கூட்டத்தார் இவற்றை வாங்கி மீதேனாக்கி அனுப்புகிறார்கள்.

சரக்கு நிலையத்தில் ஒரு பிரிவினர் வேலைக்கு வராவிட்டால் என்ன ஆகும்? அவர்களுக்கு முன்னுள்ள மேடையில் வாகன்கள் தேங்கும். பின்னுள்ள மேடை வெறிச்சோடும். கலனிலும் அப்படியே. மூன்றாம் நான்காம் கூட்டத்தார் தளர்ந்தால் இரண்டாமவர் ஆக்கிய அமிலம் தேங்குகிறது. கரைசல் புளிக்கிறது. புளித்த கரைசலில் நான்காமவர் மேலும் தளர்கிறார்கள். அமிலம் மேலும் தேங்குகிறது. முன்னிருவர் வேகமாகப் பெருகுபவர்கள்; பின்னிருவரோ ஒன்று இரண்டாவதற்கே நாள்கணக்கில் ஆகும் மெதுவானவர்கள். ஆதலின் கலன் கெடுவது விரைவு, தேறுவது மெது.

இந்நான்காம் கூட்டத்தாரைப் பற்றி ஒரு செய்தி. வெகு காலம் இவற்றையும் பாக்டீரியா என்றே எண்ணியிருந்தனர். 1977-ல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் தம் உடனாய்வாளர் ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து, இவை பாக்டீரியாவின் குலத்தவையே அல்ல, வேறொரு பழங்குலம் என்று காட்டினார். ஆர்க்கியா என்பது அக்குலத்தின் பெயர். பெனிசிலின் பாக்டீரியாவின் உடற்சுவர் கட்டப்படுவதைத் தடுத்து அதைக் கொல்வது. அந்தச் சுவர்ப்பொருள் ஆர்க்கியாவிடம் இல்லை. ஆகையால் பெனிசிலின் மீதேன் ஆக்குபவர்களை நேரே தாக்குவதில்லை. ஆயினும் அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் மற்ற மூன்று கூட்டத்தாரும் பாக்டீரியாக்களே. கடைசி மேடையில் ஆள் இருந்தும் வாகன் வராவிட்டால் பயன் என்ன?

மருந்து வந்த வழி

1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதும், அதற்குப் பின் உலகம் மாறியதும் யாவரும் அறிந்ததே. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து 1948-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டக்கர் அதை மண்ணில் வாழும் ஓர் உயிரிலிருந்து எடுத்தார். அந்நாளில் அவ்வாய்வுக்கூடத்தை நடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. அடுத்து 1950-ல் ஆக்ஸிடெட்ராசைக்ளின் வந்தது. நம் நாட்டிலும் பூனாவுக்கருகே பிம்பிரியில் 1954-ல் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

மனிதருக்கு வந்த மருந்து விரைவில் மாட்டுக்கும் கோழிக்கும் வந்தது. நோய்க்கு மட்டுமன்றி, சிறிதளவு தீனியில் கலந்தால் பிராணி விரைவில் கொழுக்கிறது என்று கண்டு, நோயற்றவற்றுக்கும் கொடுக்கலாயினர்.

இவ்வாறு கொடுத்த மருந்து முழுவதும் உடலில் கரைந்துவிடுவதில்லை. மருந்தின் வகையையும் கொடுத்த முறையையும் பொறுத்து, கால் பங்கிலிருந்து முக்கால் பங்குக்கு மேலும் மருந்தாகவே சாணத்திலும் கோமியத்திலும் வெளியேறுகிறது. கிருமியைக் கொல்வதற்கென்றே செய்த பொருள், கிருமிகளின் உழைப்பையே நம்பியிருக்கும் கலனுக்குள் இவ்விதம் புகுகிறது.

சோதனைகள் சொல்வது

இதைத் தெளிவாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்னுமிடத்திலுள்ள வேளாண் துறை விஞ்ஞானிகள். ஐந்து கன்றுகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுத்தார்கள். அவற்றின் சாணத்தைக் கரைத்துக் காற்றில்லாத கலங்களில் 37 பாகை வெப்பத்தில் 64 நாள் வைத்தார்கள். தொடக்கத்தில் கரைசலில் லிட்டருக்கு 9.8 மில்லிகிராம் மருந்து இருந்தது. முடிவுகள் 2006-ல் வெளியாயின. மருந்து கொடாத கன்றுகளின் சாணத்தோடு ஒப்பிட, வாயு 27 சதவிகிதம் குறைந்தது. 64 நாளில் மருந்தின் அளவு 59 சதவிகிதம் குறைந்தது. அதாவது மருந்து பாதியாக 56 நாள் தேவைப்பட்டது.

27 சதவிகிதம் என்பதை அடுப்பங்கரைக் கணக்கில் சொன்னால், எட்டுப் பேருக்கு எரிந்த அடுப்பு ஆறு பேருக்கே எரியும்.

எனினும் எல்லா மருந்தும் ஒன்று போலல்ல. நெப்ராஸ்கா மாநிலத்து இறைச்சிப் பிராணிகள் ஆய்வு நிலையத்தில் வாரல், ஹாஷிமோட்டோ என்னும் இருவர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், குளோர்டெட்ராசைக்ளின் தின்ற மாட்டுச் சாணம் வாயு தருவதில் குறையொன்றும் வைக்கவில்லை. மோனன்ஸின் என்னும் தீனி மருந்தை உண்ட மாட்டின் சாணமோ வாயுவைக் கடுமையாகத் தடுத்தது. இதில் வியப்பதற்கில்லை. மாட்டின் பெருவயிறே ஓர் எரிவாயுக் கலன்தான். அங்கு மீதேனாக வீணாகும் தீனியை மிச்சப்படுத்தவே மோனன்ஸினைக் கொடுக்கிறார்கள். வயிற்றில் மீதேனைக் குறைத்த மருந்து கலனில் மட்டும் நட்புப் பாராட்டுமா?

அதே இருவர் மறு ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஆறுதலான செய்தியையும் தந்தது. அத்தகைய சாணத்தைத் தொடர்ந்து பெற்றுப் பழகிய கலன்கள் நாளடைவில் அம்மருந்தைத் தாங்கி வாயு தரலாயின. மெல்லப் பழகினால் நுண்ணுயிர்க் கூட்டம் தாங்கிக்கொள்ளும். ஒரே நாளில் கொட்டினால் தடுமாறும். ஆனால் 'பழகுதல்' என்னும் இச்சொல்லின் உட்பொருளைப் பின்னர் காண்போம்.

மருந்தின் ஆயுளும் வகைக்கு வகை வேறு. பெனிசிலின் வகை நீரிலும் சாணத்திலும் விரைவில் சிதைந்துவிடும். சல்ஃபா மருந்துகளுள் சில கலனில் அழிகின்றன. சல்ஃபாமெதஸீன் போன்றவை நிலைத்து நிற்கின்றன. டெட்ராசைக்ளின்கள் சாணத் துகளைப் பற்றிக்கொண்டு மெல்லச் சிதைகின்றன. என்ரோஃப்ளாக்ஸாசின் வகையும் துகளில் ஒட்டிக்கொள்வதே. அது சிதைவது அரிது. ஆதலால் "மருந்து போட்டேன்" என்றால் போதாது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பது வேண்டும். அன்பர் சீட்டை அனுப்பியது எவ்வளவு பயன்பட்டது பாருங்கள்!

அன்பரின் கலனுக்கு ஒரு கணக்கு

இனி நம் அன்பரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது தோராயக் கணக்கே. பசு ஒன்று 400 கிலோ என்றும், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்றும் கொண்டால், பசு ஒன்றுக்கு 4 கிராம். இரண்டுக்கு 8 கிராம். ஐந்து நாளில் 40 கிராம். ஊசி மருந்தில் பெரும்பகுதி கோமியத்தில் போய்விடும். கால் பங்குதான் கலனுக்குள் சென்றது என்று வைத்தாலும் 10 கிராம் ஆகிறது. அதாவது அவ்வைந்து நாளும் நாளொன்றுக்கு 2 கிராம்.

நாள்தோறும் கலனில் விடுவது 100 லிட்டர் கரைசல். ஆகவே அந்நாள்களின் கரைசலில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் மருந்து. அவர் கட்டியிருப்பது 40 நாள் கலன். உள்ளே 4000 லிட்டர் இருக்கும். முழுவதும் நன்றாகக் கலந்துவிட்டால் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். தீனபந்துவில் கலக்கும் கருவி கிடையாது. எனவே உண்மை நிலை 20-க்கும் 2.5-க்கும் இடையில் எங்கோ இருக்கும். பெல்ட்ஸ்வில் சோதனையின் 9.8 அந்த எல்லைக்குள்ளேயே அமைகிறது. ஆக, அன்பரின் அடுப்பு குன்றியதற்கு ஊசி காரணமாயிருக்கக் கூடும் என்று சொல்ல இடமிருக்கிறது.

'கூடும்' என்றுதான் சொன்னேன். குவிமாடத்தில் வெடிப்பும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. அதற்குக் கடப்பாரை தேவையில்லை. இரவு முழுவதும் வாயுக் குழாயின் திருகை மூடிவைத்து, வெளித்தொட்டியில் கரைசலின் மட்டத்துக்கு ஒரு கோடு இடுங்கள். வாயு சேரச் சேர அது கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளும், மட்டம் உயரும். மெதுவாகவேனும் உயர்ந்துகொண்டே போனால் மாடம் நலமே. வாயு உண்டாவதுதான் குறைவு. உயர்ந்த மட்டம், அடுப்பு மூட்டாதிருக்கும்போதே தானாக இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

தழலையும் பாருங்கள். கசிவினால் வாயு குறைந்தால் தழலின் தன்மை மாறாது, நேரம்தான் குறையும். நுண்ணுயிர்கள் தளர்ந்திருந்தால் மீதேன் குறைந்து கரியமில வாயு மிகும். தழல் பற்ற மறுத்து விலகி அணையும். வெளிவரும் கரைசலில் புளித்த நாற்றமும் நுரையும் காணும். மருந்துக் கடையில் கிடைக்கும் பி.எச். தாளைத் தோய்த்தால், நலமான கலனில் 7-ஐ ஒட்டிக் காட்டும்; 6.5-க்குக் கீழே போனால் புளித்துவிட்டது என்று பொருள்.

புளித்த கலனுக்குச் செய்ய வேண்டிய முதற் சிகிச்சை பட்டினி. ஒரு வாரம் சாணம் விடுவதை நிறுத்துங்கள். தேங்கிய அமிலத்தை உள்ளிருப்பவை தின்று தீர்க்கட்டும். அதன்பின், மருந்து காணாத மாடுகளைக் கொண்ட ஒருவரின் நன்றாக எரியும் கலனிலிருந்து சில குடம் கரைசல் வாங்கி வந்து ஊற்றுங்கள். தயிருக்கு உறை விடுவது போல என்று வீட்டிலுள்ள தாய்மார்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். மிகவும் புளித்திருந்தால் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாக விடலாம். பிறகு பாதியளவு சாணத்தில் தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டும். 40 நாள் ஆகும். இடிப்பதற்குமுன் அந்நாற்பது நாளைப் பொறுத்திருப்பது நலம் என்பதே அன்பருக்கு என் விடை.

இனி வராமற் காக்க

நோயுற்ற பசுவுக்கு மருந்தை மறுக்கலாகாது. அடுப்பைவிடப் பசு பெரிது. மருத்துவர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் மடி வற்றியதென்று நிறுத்தினால் எஞ்சிய கிருமிதான் வலுப்பெறும். செய்யத்தக்கது இதுவே: மருந்து கொடுக்கும் நாள்களிலும், அதற்குப் பின் ஒரு வாரமேனும், அப்பசுவின் சாணத்தையும் கோமியத்தையும் கலனுக்குள் விடாதீர்கள். தனிக் குழியில் வைக்கோலும் சருகும் கலந்து குவித்து, வாரம் ஒருமுறை கிளறி விடுங்கள். காற்றுப் புகுந்த குப்பைக் குவியல் உட்புறம் 55, 60 பாகை வரை சுடும். அச்சூட்டில் டெட்ராசைக்ளின் போன்றவை கலனில் சிதைவதைவிட விரைவாகச் சிதைகின்றன.

பாலைப் பற்றியும் ஒரு சொல். மருந்துச் சீட்டில் எத்தனை நாள் பால் விற்கலாகாது என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும், அவ்வாறு நாள் குறிக்காத மருந்துக்குப் பாலுக்கு 7 நாளும் இறைச்சிக்கு 28 நாளும் குறையாது விட வேண்டும் என்பதும் 2012-ல் வந்த விதி. அந்நாள்களின் பாலைக் கலனில் கொட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. மருந்தும் சேரும், பாலும் விரைவில் புளிக்கும், இரட்டைக் கேடு. அதையும் எருக்குழியிலேயே சேருங்கள்.

தொழுவத்தைப் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இட்டுக் கழுவிய நீர் கலனுக்குள் ஓடினாலும் இதே கதைதான். அவற்றுக்கும் நல்ல கிருமி, தீய கிருமி என்ற பேதம் தெரியாது.

நோயே வராமல் தடுப்பதும் குறைப்பதும் எல்லாவற்றினும் சிறந்தது. கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்தல், கறந்தபின் பசு உடனே படுத்துவிடாதபடி தீனி வைத்தல் ஆகியவை செலவில்லாத காப்பு. மடிநோய் தொடங்கும் பருவத்தில், சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடியில் பூசும் முறையை இன்று ஆனந்திலுள்ள தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்புகிறது. இம்மரபு மருத்துவத்தை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியதில் தஞ்சையைச் சேர்ந்த கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்திக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ஊர்க் கைவைத்தியம் குஜராத் சென்று, அங்கிருந்து மகாராஷ்டிரத் தொழுவங்களுக்கு வருகிறது! எனினும் காய்ச்சலும் வீக்கமும் மிகுந்தால் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கலாகாது.

வயலும் மருத்துவமனையும்

அடுப்போடு இச்செய்தி முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். அன்பரின் கலனில் சாணம் தங்குவது 40 நாள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் பாதியாக வேண்டுவது 56 நாள். எனவே உள்ளே போன மருந்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு மருந்தாகவே கழிவுக் கரைசலோடு வெளிவரும். வெயில் மிகுந்த பகுதிகளுக்கு 30 நாள் கலனே போதும் என்று கட்டுகிறார்கள். அங்கு இன்னும் கூடுதலாக வெளிவரும். அந்தக் கரைசலை நாம் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சுகிறோம்.

மருந்தைவிடக் கவலைக்குரியது, அதைத் தாங்கப் பழகிய நுண்ணுயிர். கலன் மெல்லப் பழகும் என்றோமே, அப்பழக்கத்தின் உட்பொருள் இது: மருந்துக்கு இரையானவை மடிகின்றன, அதை எதிர்க்கும் திறமுடையவை எஞ்சிப் பெருகுகின்றன. அத்திறம் ஒரு பாக்டீரியாவிடமிருந்து மற்றொன்றுக்கு, உறவு முறையின்றிக் கைமாறவும் வல்லது. சாணத்தில் பிறந்த எதிர்ப்பு நோய்க்கிருமியின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், நாளை நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவர் அதே இன மருந்தை எழுதும்போது அது பலிக்காது. மனிதருக்குக் கடைசிக் காப்பாக வைத்திருந்த கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழித் தீனியிலும் கொடுக்கக் கூடாதென்று நம் அரசாங்கம் 2019 ஜூலையில் தடை விதித்தது இக்காரணம் பற்றியே.

இதனால் கலனே வேண்டாமென்று கொள்ளற்க. சாணத்தை அப்படியே வயலில் கொட்டுவதைவிடவும், தபேலாக்கள் பல செய்வது போலச் சாக்கடையில் தள்ளிவிடுவதைவிடவும் கலனில் செரிப்பிப்பது எத்தனையோ மடங்கு நன்று. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே மடிகின்றன. எதிர்ப்புத் திறமும் ஓரளவு குறைகிறது; 55 பாகை வெப்பத்தில் இயங்கும் பெருங்கலன்களில் பொதுவாக இன்னும் அதிகம் குறைகிறது. ஆனால் கலன் ஒரு கங்கையன்று, விட்ட பாவமெல்லாம் கழுவித் தர. உள்ளே எதை விடுகிறோம் என்பதில் நம் கவனம் இருத்தல் வேண்டும். வெளிவரும் கரைசலையும் வெயிலில் உலர்த்தியோ சருகோடு மக்கவைத்தோ வயலுக்கு இடுவது நலம். டெட்ராசைக்ளின் வெளிச்சத்தில் சிதையும் இயல்புடையது.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

விடுதிக்குக் கலன் அமைப்பதை அடியேன் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். பெருந்தபேலாவில் ஒரே சமயத்தில் மருந்துண்ணும் மாடுகள் சிலவே. மற்றவற்றின் சாணத்தில் மருந்து நீர்த்துப்போகும். இது சிறு தொழுவத்துக்கு இல்லாத வசதி. ஆயினும் தபேலா உரிமையாளருடன் எழுதும் உடன்படிக்கையில் மூன்று வரிகள் சேர வேண்டும். மருந்துண்ணும் மாட்டின் சாணம் தனியே ஒதுக்கப்பட்டு நம் வண்டியில் ஏறாதிருக்க வேண்டும். தீனியில் கலக்கும் பொருள்களின் சீட்டு மாதந்தோறும் நம்மிடம் காட்டப்பட வேண்டும். பினாயில் கலந்த நீர் சாணத்தில் சேரலாகாது. இவற்றால் உரிமையாளருக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். எந்த மாட்டுக்கு எந்த மருந்து, எந்நாள் முதல் எந்நாள் வரை என்று அப்பலகையில் எழுதிவைத்தால் பால் வாங்குவோருக்கும் அது காப்பாகும்.

வீட்டில் பசு வைத்திருக்கும் அன்பர்களும் தொழுவத்துச் சுவரில் அத்தகைய பலகை ஒன்றை மாட்டி வைப்பார்களாக. கல்யாண் அன்பர் மட்டக் கோட்டையும் தழலையும் பார்த்துவிட்டுத் தாம் கண்டதை எழுதுவாரானால், அடுத்த இதழில் யாவருக்கும் தெரிவிப்போம். அதுவரை கடப்பாரை மூலையிலேயே இருக்கட்டும்.